100 மில்லிநொடி ஏலம்

கைப்பேசியில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். தலைப்பு வருகிறது, படம் வருகிறது, செய்தியின் முதல் பத்தியும் வந்துவிடுகிறது. நடுவில் ஒரு கட்டம் மட்டும் கொஞ்சம் தாமதிக்கிறது. பிறகு அதில் ஒரு செருப்பு விளம்பரமோ வீட்டுக்கடன் விளம்பரமோ வந்து உட்காருகிறது. அந்தச் சிறு இடைவெளிக்குள் ஒரு சந்தை கூடி, ஏலம் நடந்து, விலை படிந்து, கலைந்தும் போய்விட்டது. ஏலத்துக்கு வந்தது அந்தக் கட்டம் என்றுதான் தோன்றும். உண்மையில் விலை பேசப்பட்டது அந்தக் கட்டத்தைப் பார்க்கப்போகும் உங்களுக்கு.

அந்த ஏலம் எப்படி நடக்கிறது, அதற்கு அடியில் இருக்கும் கணக்கு என்ன, செய்தித்தாள் என்ற நிறுவனத்தின் பிழைப்பை அது எப்படிப் புரட்டிப்போட்டது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

பக்கத்தை விற்ற காலம்

1833 செப்டம்பர் 3 அன்று நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்ற அச்சகக்காரர் 'தி சன்' என்ற நாளிதழைத் தொடங்கினார். விலை ஒரு சென்ட். அப்போது மற்ற நாளிதழ்கள் ஆறு சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தன. மலிவாகக் கொடுத்தால் வாசகர் பெருகுவார்கள், வாசகர் பெருகினால் விளம்பரம் வரும், அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான பள்ளத்தை விளம்பரப் பணம் நிரப்பும் என்பது அவர் கணக்கு. அடுத்த 170 ஆண்டுகளுக்கு உலகெங்கும் பெரும்பாலான நாளிதழ்கள் இந்தக் கணக்கில்தான் ஓடின. சென்னையில் 'தி இந்து' 1958 வரை தன் முதல் பக்கத்தையே விளம்பரங்களுக்குக் கொடுத்திருந்தது.

இந்த ஏற்பாட்டில் விளம்பரதாரர் வாங்கியது ஓர் இடம். சதுர சென்டிமீட்டர் கணக்கில் பணம் கட்டினார். அந்த இடத்தை யார் பார்த்தார்கள், எத்தனை பேர் பார்க்காமலே பக்கத்தைப் புரட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்த அறியாமைக்கு ஒரு நல்ல விளைவு இருந்தது. நகைக்கடை கொடுத்த பணம் நகராட்சிக் கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுக்கும் நிருபரின் சம்பளமாக மாறியது. நகராட்சிக் குடிநீர்க் குழாய் பற்றிய செய்திக்கென்று எந்த விளம்பரதாரரும் தனியாகப் பணம் தரமாட்டார். ஆனால் அதைப் படிக்கும் ஆளை அடைய வேண்டுமென்றால் அந்தப் பேப்பரைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை.

முதல் அடி வரி விளம்பரங்களின் மேல் விழுந்தது. 1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க், ஊர் நிகழ்ச்சிகளை நண்பர்களுக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கத் தொடங்கினார். அதுவே கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற தளமாக வளர்ந்தது. வீடு வாடகைக்கு, பழைய மேசை விற்பனைக்கு, ஆள் தேவை என்ற அறிவிப்புகளை அங்கே பெரும்பாலும் இலவசமாகவே போடலாம். 2000 முதல் 2007 வரை இதனால் அமெரிக்காவில் வரி விளம்பரம் கொடுப்பவர்களுக்கு மிச்சமான தொகை 500 கோடி டாலர் என்று ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஷூ ஆகிய இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அத்தனையும் நாளிதழ்களின் கல்லாவுக்குப் போயிருக்க வேண்டிய பணம்.

கிரெய்க்ஸ்லிஸ்ட் பறித்தது வருமானத்தின் ஒரு பகுதியைத்தான். மிச்சத்தையும் அசைத்துப் பார்த்த கண்டுபிடிப்பு வேறு.

மறதிக்கார வலைக்கு ஒரு நினைவு

1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' என்ற இணைய இதழில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. இணையத்தில் விலைக்கு விற்கப்பட்ட முதல் பட்டை விளம்பரங்களில் ஒன்று அது. அச்சு இதழில் செய்வதைப் போலவே, இத்தனை காலத்துக்கு இவ்வளவு தொகை என்று பேசி இடத்தை விற்றார்கள். எந்திரம் புதிது, வியாபாரம் பழையது.

அன்றைய வலைக்கு நினைவாற்றலே கிடையாது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் அனுப்பும், அத்தோடு உறவு முடிந்துவிடும். அடுத்த நொடி அதே ஆள் மறுபடி வந்தாலும் சர்வருக்கு அவர் புதியவர்தான். இப்படி ஒரு வலையில் கடை நடத்த முடியாது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடை காலியாகிவிடும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி 1994-ல் இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் பக்கத்தோடு சேர்த்து ஒரு சிறு அடையாளக் குறிப்பையும் அனுப்பும். பிரவுசர் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே சர்வரிடம் போகும்போது திருப்பிக் காட்டும். அந்தக் குறிப்புக்குப் பெயர் குக்கீ.

எந்தத் தளம் குக்கீயைக் கொடுத்ததோ அந்தத் தளம் மட்டுமே அதைப் படிக்க முடியும். உங்களை ஊர் ஊராகப் பின்தொடர அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே மொன்டுல்லி அப்படி வடிவமைத்தார். ஆனால் அதில் ஓர் இடுக்கு இருந்தது. ஒரு வலைப்பக்கத்தின் எல்லாத் துண்டுகளும் ஒரே சர்வரிலிருந்து வரவேண்டியதில்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்தும் விளம்பரப் படம் வேறொரு விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்தும் வரலாம். அப்படி வந்தால், விளம்பர நிறுவனமும் தன் குக்கீயை உங்கள் பிரவுசரில் வைத்துவிடும். அதே நிறுவனம் ஆயிரம் தளங்களுக்கு விளம்பரம் அனுப்பினால், அந்த ஆயிரம் தளங்களிலும் நீங்கள் போய்வந்த தடம் ஒரே அடையாளத்தின் கீழ் சேர்ந்துவிடும். இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்கிறோம்.

ஆபத்தை முன்பே கண்டவர்களும் உண்டு. 1997-ல் இணையப் பொறியாளர்கள் வெளியிட்ட குக்கீக்கான முதல் தர வரையறை, பயனர் அனுமதிக்காத வரை மூன்றாம் தரப்புக் குக்கீகளைப் பிரவுசர் ஏற்கக் கூடாது என்று சொன்னது. அன்றைய முக்கிய பிரவுசர்கள் அதைப் பின்பற்றவில்லை. டபுள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் அதற்குள் வளரத் தொடங்கியிருந்தன.

இதன் பிறகு விளம்பரதாரருக்குப் பக்கம் தேவைப்படவில்லை. ஆளைத் தெரிந்தால் போதும், அந்த ஆள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் சரி.

இரண்டாம் விலை

ஆளைத் தெரியும். சரி, அந்த ஆளின் ஒரு பார்வைக்கு என்ன விலை? கோடிக்கணக்கான பார்வைகளுக்கு உட்கார்ந்து பேரம் பேச முடியாது. அதற்கான விடை கணினிகள் வலையில் இணைவதற்கு முன்பே பொருளியலில் தயாராக இருந்தது.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும்போது கூடையைச் சுற்றி நிற்பவர்கள் ஒருவர் கேட்பதை மற்றவர் கேட்டு விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். கடைசி ஆள் ஒதுங்கியதும் கூடை நிற்பவருக்குப் போகும். அப்படியானால் வென்றவர் கொடுக்கும் விலை, ஒதுங்கிய ஆளின் உச்ச விலையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தன் மனத்தில் இருந்த முழு விலையையும் அவர் கொடுப்பதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961-ல் ஒரு கட்டுரையில் கேட்ட கேள்வி, கூச்சலும் காத்திருப்பும் இல்லாமல் இதே முடிவை எட்ட முடியாதா என்பதுதான். அவர் சொன்ன வழி: எல்லாரும் ஆளுக்கொரு சீட்டில் விலையை எழுதி மூடிக் கொடுங்கள். அதிக விலை எழுதியவருக்குப் பொருள் போகட்டும். ஆனால் அவர் இரண்டாம் இடத்தில் வந்தவர் எழுதிய விலையைக் கொடுத்தால் போதும்.

ஒரு பார்வையை 50 பைசா மதிப்புள்ளதாக நீங்கள் கருதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 பைசா என்று குறைத்து எழுதினால், வேறொருவர் 40 எழுதி ஜெயித்துவிடலாம். 10 பைசா லாபம் போய்விட்டது. 70 என்று கூட்டி எழுதினால், வேறொருவர் 60 எழுதியிருக்கும்போது நீங்கள் ஜெயித்து 60 கொடுக்க வேண்டியிருக்கும். 10 பைசா நட்டம். 50 என்று உண்மையை எழுதினால் எந்த நிலையிலும் வருத்தம் இல்லை. பொய் சொல்வதால் லாபமில்லாத ஏலம் இது. விக்ரிக்கு 1996-ல் பொருளியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த மூன்றே நாளில் அவர் காலமானார். தன் கட்டுரை எத்தனை பெரிய தொழிலுக்கு அடித்தளமாகப் போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை.

தேடல் முடிவுகளின் பக்கத்தில் விளம்பர இடத்தை ஏலம் விடும் முறையை 1998-ல் பில் கிராஸின் 'கோடூ' தளம் கொண்டுவந்தது. அதில் எழுதிய விலையையே கட்ட வேண்டும். கூகுள் 2002-ல் இரண்டாம் விலைக்கு மாறியது. கூடவே இன்னொரு மாற்றத்தையும் செய்தது. கேட்ட விலையை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை மக்கள் சொடுக்கும் வாய்ப்பையும் கணித்து, இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்தியது. 10 ரூபாய் கேட்ட விளம்பரத்தை நூற்றில் ஒருவர் சொடுக்கினால், நூறு பார்வைக்குக் கிடைப்பது 10 ரூபாய். 4 ரூபாய் கேட்டதை நூற்றில் ஐந்து பேர் சொடுக்கினால், கிடைப்பது 20 ரூபாய். அதனால் இரண்டாவதே முந்தும். இந்த நொடியிலிருந்து விளம்பரம் என்பது கணிப்பு அறிவியலாகிவிட்டது. யார் எதைச் சொடுக்குவார் என்று முன்கூட்டிச் சொல்லத் தரவு வேண்டும். தரவு அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பார்.

ஒளியோடு ஒரு பந்தயம்

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம். நீங்கள் பக்கத்தைத் திறந்ததும் உங்கள் பிரவுசர் விளம்பரச் சந்தை ஒன்றுக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. என்ன கைப்பேசி, எந்த மொழி, எந்தப் பக்கம், ஐபி முகவரியிலிருந்து ஊகித்த ஊர், குக்கீயிலோ கைப்பேசியிலோ உள்ள அடையாள எண் ஆகியவை அதில் இருக்கும். சந்தை அதைப் பல ஏலதாரர்களுக்கு அனுப்பும். ஏலதாரர் என்றால் இங்கே மனிதர் இல்லை, விளம்பரதாரர்களுக்காக வேலை செய்யும் நிரல்கள். ஒவ்வொரு நிரலும் அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடும். நேற்று செருப்பு பார்த்தவரா, வாங்காமல் போனவரா, அவர் வாங்க எவ்வளவு வாய்ப்பு என்று கணித்து ஒரு விலையைத் திருப்பி அனுப்பும். வென்ற விளம்பரம் உங்கள் திரைக்கு வரும். ஏலதாரர் பதில் சொல்ல வழக்கமாகக் கிடைப்பது 100 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

இந்தக் கெடுவுக்குள் இயற்பியலும் குறுக்கே நிற்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 130 மில்லிநொடி. கேள்வி போய்ச் சேர்ந்து பதில் திரும்புவதற்குள் ஏலம் முடிந்திருக்கும். அதனால்தான் இந்த நிறுவனங்கள் மும்பை, சிங்கப்பூர் என்று பயனர்களுக்கு அருகிலேயே சர்வர்களை வைக்கின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வர ஒளிக்கு ஏறத்தாழ 30 மில்லிநொடிதான். மிச்சமிருக்கும் நேரம் கணிப்புக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏலத்தில் ஜெயிப்பது ஒருவர். ஆனால் உங்களைப் பற்றிய கோரிக்கை தோற்றவர்கள் எல்லாருக்கும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டும் இப்படி மக்களைப் பற்றிய விவரங்கள் ஆண்டுக்கு 178 லட்சம் கோடி முறை பரப்பப்படுகின்றன என்று அயர்லாந்தின் குடிமை உரிமைகள் அமைப்பு 2022-ல் மதிப்பிட்டது. விளம்பரம் வாங்காமல் விவரத்தை மட்டும் அள்ளிக்கொள்ள நினைப்பவருக்கும் இந்தச் சந்தையில் இடம் உண்டு.

இடைவழியில் கரையும் பணம்

இந்தத் தொழில்நுட்பம் சிலருக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பதை மறைக்கக் கூடாது. நாளிதழில் கால் பக்கம் வாங்க வசதியில்லாத ஒரு தையல் கடைக்காரர், சில நூறு ரூபாயில் தன் ஊர்க்காரர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்ட முடிகிறது. கூகுளின் ஆட்சென்ஸ் 2018-ல் தமிழை ஏற்ற பிறகு, தமிழில் சமையலும் வேளாண்மையும் எழுதும் சிறு தளங்களும் விளம்பர வருமானம் பார்க்கத் தொடங்கின.

செய்தி நிறுவனங்களுக்கு வந்த கணக்கு வேறு. விளம்பரதாரருக்கும் தளத்துக்கும் நடுவே வாங்கும் நிரல், விற்கும் நிரல், சந்தை, தரவு வியாபாரி, சரிபார்ப்பவர் என்று வரிசையாகத் தரகர்கள் நிற்கிறார்கள். பிரிட்டனில் விளம்பரதாரர் சங்கத்துக்காக பிடபிள்யூசி நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரதாரர் செலவழித்த நூறு பவுண்டில் பதிப்பாளர் கைக்குப் போனது 51 பவுண்டுதான். 15 பவுண்டு எங்கே போனது என்று தணிக்கையாளர்களாலேயே சொல்ல முடியவில்லை.

தரகர்களிலும் ஒருவர் எல்லாப் பக்கத்திலும் நின்றார். டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் 2007-ல் அறிவித்தது. விற்பவரின் கருவி, ஏலக்கூடம், வாங்குபவரின் கருவி மூன்றும் ஒரே வீட்டுக்குள் வந்தன. பதிப்பாளர்களின் விளம்பர சர்வர், விளம்பரச் சந்தை ஆகிய இரண்டிலும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் செலுத்தியது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி லியோனி பிரிங்கெமா 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். இந்தியாவிலும் இணையச் செய்திப் பதிப்பாளர் சங்கத்தின் புகாரின் பேரில் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் கூகுள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது.

இதைவிட ஆழமான காயம் வேறிடத்தில். விளம்பரதாரர் தேடுவது ஆளைத்தான் என்றால், அந்த ஆளை மலிவான இடத்தில் பிடிப்பதே புத்திசாலித்தனம். ஒரு நாளிதழ் ஆறு மாதம் செலவழித்து ஊழல் ஒன்றைத் தோண்டி எடுக்கிறது. அதைப் படிக்க வந்த வாசகரின் அடையாள எண் சந்தைக்குப் போகிறது. அரை மணி நேரம் கழித்து அதே வாசகர், எந்த நிருபரும் இல்லாத ஒரு வதந்தித் தளத்துக்குப் போகும்போது அங்கே பத்தில் ஒரு பங்கு விலைக்கு அவரை வாங்கிவிடலாம். வாசகரைத் திரட்டியது ஒருவர், அறுவடை செய்வது இன்னொருவர். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது வடக்கு மாசிடோனியாவின் வேலெஸ் நகரத்து இளைஞர்கள் பொய்ச் செய்தித் தளங்களை நடத்திப் பணம் பார்த்தது இந்த ஓட்டையால்தான். அவர்களுக்கு அரசியல் நோக்கம் தேவைப்படவில்லை, விளம்பரக் கட்டம் போதுமாயிருந்தது.

நல்ல செய்திக்குத் தண்டனையும் உண்டு. தங்கள் பெயர் சோகச் செய்திக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று விளம்பர நிறுவனங்கள் சில சொற்களைத் தடைப்பட்டியலில் வைக்கின்றன. 2020-ல் 'கொரோனா' அந்தப் பட்டியலில் ஏறியது. மக்கள் உயிர்காக்கும் தகவலுக்காகச் செய்தித் தளங்களை மொய்த்த அதே வாரங்களில், அந்தப் பக்கங்களின் விளம்பரம் வறண்டது.

நிருபர் இல்லாத ஊர்

அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005-ல் 4,900 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2020-ல் அது 1,000 கோடிக்கும் கீழே. டென்வர் நகரின் 'ராக்கி மவுண்டன் நியூஸ்' தன் 150-வது ஆண்டு நிறைவுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், 2009 பிப்ரவரி 27 அன்று கடைசி இதழை அச்சிட்டது. 2005-க்குப் பிறகு அந்த நாட்டில் மூடப்பட்ட இதழ்கள் ஏறத்தாழ 2,900 என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2023-ல் கணக்குக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை சிறு ஊர்களின் வார இதழ்கள்.

பேப்பர் மூடினால் ஊருக்கு என்ன நட்டம்? இதைப் பணத்தில் அளந்து பார்த்தவர்கள் உண்டு. பெங்ஜியே காவ், சாங் லீ, டெர்மட் மர்ஃபி ஆகிய நிதியியல் ஆய்வாளர்கள், உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட பகுதிகளில் உள்ளாட்சி அமைப்புகள் வாங்கும் கடனின் வட்டியை ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடியிருந்தது. பார்க்கச் சிறிய எண். பல கோடி டாலர் கடனுக்கு, பல ஆண்டுகளுக்கு, வரி கட்டுபவர்தான் அதைச் சுமக்கிறார். கேள்வி கேட்க ஆள் இல்லாத நகராட்சிக்குக் கடன் கொடுப்பவர் அச்சத்தின் விலையையும் சேர்த்தே வாங்குகிறார்.

திரும்பும் வழிகள்

குக்கீயின் காலம் முடிகிறது என்று பலமுறை சொல்லப்பட்டது. ஆப்பிள் 2021-ல் ஐபோன் செயலிகள் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. குரோம் பிரவுசரில் மூன்றாம் தரப்புக் குக்கீயை ஒழிப்பதாக 2020-ல் அறிவித்த கூகுள், 2024-ல் அந்த முடிவைக் கைவிட்டது. இந்தியாவில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, அதைக் கேட்டு வாங்கும் குடிமக்களும் வேண்டும்.

பின்தொடராமல் விளம்பரமே நடக்காது என்ற வாதத்துக்கு நெதர்லாந்து ஒரு பதில் சொன்னது. அங்கே பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவான 'ஸ்டெர்' 2020 தொடக்கத்தில் பின்தொடரும் குக்கீகளை அடியோடு விட்டது. பக்கத்தில் என்ன பொருள் பேசப்படுகிறதோ அதற்கேற்ற விளம்பரம் மட்டும் காட்டியது. முதல் இரண்டு மாதங்களில் அதன் இணைய விளம்பர வருமானம் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடக் கூடியது. தரகர்கள் விலகியதும் அவர்கள் பங்கு வீட்டிலேயே தங்கிவிட்டது.

இன்னொரு வழி வாசகரிடமே காசு கேட்பது. 2011-ல் இணையக் கட்டணச் சுவர் எழுப்பிய 'நியூயார்க் டைம்ஸ்' 2023-ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைக் கடந்தது. ஆனால் உலகப் புகழ் பெற்ற ஓர் ஆங்கில நாளிதழால் முடிந்தது ஒரு மாவட்ட இதழாலும் முடியும் என்று சொல்லிவிட முடியாது. அதற்குள் அடுத்த அலையும் வந்துவிட்டது. 2024 மே முதல் கூகுள் தேடலின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வரத் தொடங்கியது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி, சுருக்கம் இல்லாத தேடல்களில் 15 சதவீதத்தில் ஏதாவது ஒரு முடிவை மக்கள் சொடுக்கினார்கள். சுருக்கம் இருந்தவற்றில் 8 சதவீதம்தான். நிருபர் எழுதியதை எந்திரம் சுருக்கித் தருகிறது. வாசகர் நிருபரின் வாசலுக்கே வருவதில்லை, அங்கே ஏலம் விடுவதற்கும் எதுவும் மிஞ்சுவதில்லை.

விளம்பரமும் செய்தியும் ஒரே தாளில் சேர்ந்திருந்தது வரலாற்றின் தற்செயல். ஒன்று இன்னொன்றுக்குச் சோறு போட்டது. தொழில்நுட்பம் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது, அது மறுபடி கட்டப்படப்போவதில்லை. இனி செய்திக்கான செலவை யார் ஏற்பது என்பதை எந்த ஏலமும் நமக்காக முடிவு செய்யாது. ஆகவே வாசகரே, நீங்கள் நம்பும் இதழ் ஒன்று இருந்தால் அதற்குச் சந்தா கட்டுங்கள். அதன் செய்தியைப் பிறர் படியெடுத்துப் போட்ட இடத்தில் படிக்காமல், அதன் பக்கத்திலேயே போய்ப் படியுங்கள். உங்கள் ஊரைப் பற்றி எழுத ஒரு நிருபர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் அவர் நிலைக்க உங்களால் ஆனதைச் செய்யுங்கள். உங்கள் கவனத்துக்கு விலை இருக்கிறது என்பதை உலகமே தெரிந்துவைத்திருக்கிறது. அதை எங்கே செலவழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.